பதின்மூன்றாவது அடி

மாலை ஜெபத்துக்குப் பின் ரிக்கார்டிஸ் தாய் எங்களுக்குச் செய்யுள் கற்பிப்பார். மடத்து மூலிகைத் தோட்டத்தைப் பற்றி அவர் லத்தீனில் பாடிய நூலை ஏரிக்கு அக்கரை மடத்துக்காகத் தோல் ஏட்டில் படியெடுக்கும் வேலை என்னுடையது. ஒரு செடிக்குப் பன்னிரண்டு அடி, அப்போஸ்தலர் கணக்கு.

அருவதாச் செடியின் பாட்டில் என் கை நின்றது. வயிற்றுவலிக்கு இலையைத் திராட்சை மதுவில் அரைத்துக் கொடு என்றிருந்தது. கர்ப்பிணிக்குக் கொடுக்காதே என்பது இல்லை. நான்தான் தவற விட்டேனோ என்று முதலடியிலிருந்து மறுபடி படித்தேன். இல்லை. நோயாளிக் கூடத்து வில்ட்ரூடிடம் கேட்டேன்.

"கரு கலைஞ்சிடும்டி. நமக்குத் தெரியும். ஏரிக்கு அந்தப் பக்கத்து மடத்துல யாருக்குத் தெரியும்? பாட்டைப் பாத்துத்தானே மருந்து கொடுப்பாங்க?"

தாயிடம் போனேன்.

"எழுதித்தான் இருந்தேன். பதிமூணா வந்துச்சு, எடுத்துட்டேன்."

"வாசனையைப் பத்தி மூணு அடி இருக்கே, தாயே. அதுல ஒண்ணை எடுக்கலாமே?"

"அடிப்பாவி, நூல்லயே நல்ல இடம் அதுதான்! நாளைக்குப் படகு வருது. எழுதி முடி."

முடித்தேன். பன்னிரண்டுக்குக் கீழே என் அடி ஒன்றையும் எழுதினேன்.

அந்த வாரம் உணவறையில் வாசிப்பவள் நான். மறுநாள் மதியம் எல்லோரும் பேசாமல் அவரைப்பருப்புக் கஞ்சி குடிக்க, அருவதாவை வாசித்தேன். பன்னிரண்டோடு நிறுத்தவில்லை.

'கருவுற்றவள் குடிக்கலாகாது, குடித்தால் பிள்ளை போகும்.'

தளை தட்டியது. யாருக்கோ சிரிப்பில் கஞ்சி மூக்கில் ஏறியது.

"நொண்டி அடி!" ரிக்கார்டிஸ் தாய் எழுந்துவிட்டார். "என் பேர்லயா போகணும்?"

"உங்க பேர் வேண்டாம், தாயே. எழுதினவ கெர்லிண்ட்னு ஓரத்துல போட்டிருக்கேன்."

"பன்னெண்டுக்கு மேல அடி கிடையாது." மடத்துத் தலைவி எழுத்தைச் சுரண்டும் கத்தியை நீட்டினார். "சுரண்டு."

நான் கத்தியை வாங்கவில்லை. "என் கையால மாட்டேன்."

"கீழ்ப்படியாதவளுக்கு மேசை கிடையாது. இனி தரையில சாப்பிடு. ரிக்கார்டிஸ், நீயே சுரண்டு."

தாய் கத்தியை என் அடிமேல் வைத்தார். நான் அதை உரக்க வாசித்தேன். மறுபடியும் வாசித்தேன்.

"வாயை மூடுடி! ரெண்டாவது சீர் காதைக் குத்துது."

கத்தி மேலே நகர்ந்தது. வாசனை அடிகளில் மூன்றாவதைச் சுரண்டினார். தோல் கிழியும்போலச் சுரண்டினார்.

"பன்னிரண்டு," என்று தலைவியிடம் சொன்னார். "சரியா இருக்கு."

என் அடியைத் திருத்த நேரமில்லை. நொண்டிக்கொண்டே படகேறிப் போயிற்று.

நான் கிண்ணத்தோடு தரையில் உட்கார்ந்தேன். நல்ல பசி.