கொஞ்சம் தள்ளிக்குங்க

கீழ்க்கட்டளையில் தனக்கோடி கல்யாண மண்டபம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏரிப் பக்கமாக நகர்ந்து இரண்டு மடங்கு அகலமானது. அதற்குக் காரணம் மேனேஜர் பென்னி. மாப்பிள்ளை கதிரேசன் வீட்டார் வந்து ரிசப்ஷனுக்கு ஆவணி இருபது வேண்டும் என்றார்கள், கொடுத்தான். வேறொரு கல்யாணத்துப் பெண் ஜோசலின் வீட்டார் வந்து சர்ச்சில் கல்யாணம் முடிந்ததும் விருந்துக்கு செப்டம்பர் ஐந்து வேண்டும் என்றார்கள், கொடுத்தான். இரண்டும் ஒரே நாள் என்பது தலைக்கு மேலே தொங்கிய தினசரிக் காலண்டரில் ஒரே தாளில் அச்சாகித்தான் இருந்தது. ஆனால் பென்னி அதில் ராசிபலன் மட்டும் பார்ப்பவன். தன் ராசி எதுவென்று அவனுக்குத் தெரியாது. பன்னிரண்டில் நல்லதாக ஒன்றை எடுத்துக்கொள்வான். அன்றைக்கு எடுத்தது ‘பாராட்டு’.

வாசலில் பூ சுற்றிய கார்கள் இரண்டு மூக்கோடு மூக்கு முட்டி நின்றபோது அவன் ஜெனரேட்டருக்குப் பின்னால் இருந்தான். அங்கே அவனைக் கண்டுபிடித்தவள் சரசு. கதிரேசனுக்கு அக்கா முறை. மேடவாக்கத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற வேலை. கல்யாணம் என்பதை ஒருமுறை செய்து பார்த்து, சரிப்படாமல் விட்டுவிட்டவள். அடிக்கத்தான் வந்திருக்கிறாளா என்று பென்னி கேட்டான்.

“அடிக்கறவங்கல்லாம் வெளிய நிக்கறாங்க சார். வரிசையா டோக்கன் குடுத்துட்டு வந்திருக்கேன். உங்க டைனிங் ஹால் சாவி எங்க?”

அதன் பிறகு நடந்ததில் மாயம் பாதி, வேலை பாதி. சரசு முதலில் இரண்டு வீட்டிலும் யார் அதிகமாகக் கோபப்படுகிறவர் என்று விசாரித்தாள். அவர்கள் இருவரையும் வாசலில் பன்னீர் தெளிக்க நிறுத்தினாள். வருகிறவர்களைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து அவர்களுக்குக் கோபம் மறந்துபோனது. சாம்பார்க்காரரிடமும் பிரியாணிக்காரரிடமும் ஒருவருக்கொருவர் உப்புப் பார்க்கச் சொன்னாள். நாதஸ்வரத்துக்கும் கீபோர்டுக்கும் முறை வைத்தாள். கடைசியாகக் கூடத்தின் நடுவில் நின்று, தாம்பரம் ரயிலில் மூன்று பேர் உட்கார்ந்திருக்கும் சீட்டில் நான்காவது ஆள் இடம் கேட்கிற அதே குரலில், “கொஞ்சம் தள்ளிக்குங்க” என்றாள். ஆட்கள் தள்ளிக்கொண்டார்கள். பிறகு நாற்காலிகள். பிறகு தூண்கள். கடைசியில் ஏரிப் பக்கத்துச் சுவர் ஒரு பெருமூச்சோடு எழுந்து நகர்ந்தது. ஏரியும் தன் பங்குக்குத் தள்ளிக்கொண்டது. கொக்குகள் எழும்பி, சற்று அப்பால் போய் உட்கார்ந்தன. இரண்டாவது மேடை ஒன்று தானாக விளைந்திருந்தது. பந்தியில் இலை போட்டுவிட்டதால் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் மண்டபம் பழைய அளவுக்கு வந்துவிட்டது.

தனக்கு இப்படி ஒரு கைப்பக்குவம் இருப்பது சரசுவுக்கே அன்றுதான் தெரிந்தது. அடுத்து வந்த காலத்தில் அவள் அதைச் சமையல் பழகுவதுபோலப் பழகினாள், தீய்த்தும் குழைத்தும். அதட்டினால் சுவர் அசையாது என்பது முதலில் பிடிபட்டது. ஆட்கள் மனசு வைக்காத இடத்தில் செங்கல்லும் மனசு வைக்காது என்பது அடுத்து. மேடவாக்கத்தில் தண்ணீர் லாரி திரும்ப முடியாத ஒரு சந்தில், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் இறங்கி, பைக்குகளை இடம் மாற்றவைத்து, சண்டைக்கு வந்தவரையே ஹோஸ் பைப் பிடிக்கவைத்து, அப்புறம் அதே வார்த்தையைச் சொன்னாள். இரண்டு பக்கத்து வீடுகளும் வயிற்றை எக்கிக்கொண்டன, லாரி போனது. ஒரு வீட்டு பால்கனி இன்னும் கொஞ்சம் உள்வாங்கியே இருக்கிறது. அந்த வீட்டுக்காரர் துணி காயவில்லை என்று மட்டும் குறைப்படுகிறார்.

பென்னியின் நிலைமைதான் மோசமானது. நாற்பது தாண்டி, இனி எதுவும் தேறாது என்று தன்னைப் பற்றித் தானே ஜோக் அடித்துக்கொண்டிருந்தவன், சரசு சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு கூடத்தில் நடப்பதை இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டான். கூப்பிடக் காரணம் வேண்டுமே. ஒரு காதுகுத்தையும் ஒரு ஞானஸ்நான விருந்தையும் ஒரே நாளில் போட்டான். அவள் வந்தாள். ஒரு வளைகாப்போடு ஒரு அடுக்குமாடிச் சங்கத்தின் பொதுக்குழுவைச் சேர்த்துவிட்டான். வந்தாள், பொதுக்குழுவினர் கையிலும் வளையல் ஏறியது, எல்லாத் தீர்மானமும் நிறைவேறியது. ஒவ்வொரு முறையும் கேட்டுவிடுவது என்று வாயைத் திறப்பான். வாயிலிருந்து ஜோக்தான் வரும். இந்த மண்டபத்தில் எல்லாருக்கும் மாலை விழுகிறது, மேனேஜர் கழுத்துக்கு ஐடி கார்டு மட்டும்தான் என்பான். “பாக்கலாம் சார்” என்று சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறிவிடுவாள். எதைப் பார்க்கலாம் என்று யோசித்து அவனுக்குத் தூக்கம் கெட்டது.

ஓர் ஆடி மாதம் வந்தது. விசேஷம் எதுவும் கிடையாது, எனவே குளறுபடிக்கும் வழி கிடையாது. காலி மண்டபத்தில் இரண்டு நாள் சுற்றிச் சுற்றி வந்த பென்னி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனை எடுத்து, இன்றைக்கு இங்கே ஒரு தப்பும் நடக்கவில்லை, ஆனாலும் வருவீர்களா என்று கேட்டான். அவள் போனை வைத்தாள். சாயங்காலம் வந்து, மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் சோபாவில் உட்கார்ந்து, “சொல்லுங்க” என்றாள்.

அவனுக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. “என்னைப் புடிச்சிருக்கா? கல்யாணம் பண்ணிக்கலாமா?” என்று கேட்டுவிட்டான்.

சரசு தன் பக்கத்தில் சோபாவில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்து, “கொஞ்சம் தள்ளிக்குங்க” என்றாள். ஆனால் இந்த முறை மண்டபம் விரியவில்லை. தூண்கள் ஓசையில்லாமல் கிட்டே வந்தன, சுவர்கள் வந்தன, மின்விசிறிகள் ஒன்றுக்குள் ஒன்று ஒதுங்கி ஒன்றே ஒன்றாகிச் சுற்றின. ஆயிரம் பேர் சாப்பிட்ட இடம், ஒரு சோபாவும் இரண்டு பேரும் இருக்கிற அளவில் வந்து நின்றது. மண்டப முதலாளி தனக்கோடி, மோட்டார் போட வந்தவர், எட்டிப் பார்த்தார்.

“இன்னா பென்னி, மண்டபம் சின்னதா கீது?”

“ரெண்டே பேர்தான் சார் இன்னைக்கு.”

“சரி சரி. போவசொல்ல லைட்ட அணைச்சுடு” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

சரசு சோபாவில் அவனுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

“புடிச்சிருக்கு. பண்ணிக்கலாம். வேணும்னேதான் குளறுபடி பண்றீங்கன்னு அந்தக் காதுகுத்துலயே தெரியும் பென்னி. நேராக் கேக்கறதுக்கு எத்தன பேரத் தள்ளி உக்கார வச்சீங்க.”