ஓம் என்று அடித்தவர்

ஏர்னெஸ்ட் மாஸ்ரர் பின்னேரத் தேத்தண்ணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மடிக்கணினியைத் திறந்தார். திரை கறுப்பாகவே நின்றது. மேல் மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மின்னி மின்னி அணைந்தது. அணைத்துப் போட்டுப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், ஜெபமும் பண்ணிப் பார்த்தார். மகன் போட்டுக் கொடுத்த லினக்ஸ் எதற்கும் மசியவில்லை.

உரும்பிராயில் அந்தப் பெரிய வீட்டில் அவர் தனி ஆள். மனைவி றோஸ் கர்த்தரிடம் போய்விட்டாள். மகன் கெல்வின் கனடாவில். றோஸின் குரல் மிஞ்சியிருந்தது அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான்.

கொரோனா ஊரடங்கு நாட்களில் ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகளுக்கென்று றோஸ் வேதாகமக் கதைகள் சொன்னாள். படம் பிடித்தவர் மாஸ்ரர். கை நடுங்குகிற மனுசனிடம் கமெராவைக் கொடுத்தால் படம் உருப்படுமா? நோவாவைப் பேழைக்குள் ஏற்றுவதற்கு முதல் மாஸ்ரரை ஏசவே அவளுக்கு நேரம் சரியாகிவிடும். அந்த ஏச்சைக் கேட்கத்தான் இப்போது ஒவ்வொரு பின்னேரமும் திறக்கிறார். அவரை 'இஞ்சேருங்கோ' என்று கூப்பிட உலகத்தில் வேறு ஆள் இல்லை.

இது கெல்வினுக்குப் பிடிக்கவில்லை. "உதையே பாத்துக்கொண்டிருந்தால் விசர்தான் பிடிக்கும்" என்று முன்பொருநாள் சத்தம் போட்டான். இனிப் பார்க்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, எல்லாவற்றையும் ஒரு கோப்புறையில் போட்டு, ஆங்கில எழுத்தில் 'பழசு' என்று பேர் வைத்து ஒளித்துவிட்டார்.

கெல்வின் போன் எடுத்தபோது விசயத்தைச் சொன்னார். அவன் சொல்லச் சொல்ல, பட்டன் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாக அடித்தார். திரையில் வந்ததை வாசித்தும் காட்டினார்.

"இடம் நிரம்பிப் போச்சு அப்பா. அதுதான் டெஸ்க்டொப் எழும்பேல்லை. 'பழசு' எண்ட போல்டர்தான் முழுக்கப் பிடிச்சிருக்கு. அதுக்குள்ள என்ன?"

"சும்மா. பழசுதான்."

"அப்ப அழிப்பம். ஒவ்வொண்டா அழிக்கவோ எண்டு கேக்கும். ஓம் எண்டு குடுங்கோ."

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. வாக்குத் தவறியது தெரிந்தால், எப்போதாவது வருகிற இந்தப் போனும் நின்றுவிடுமோ என்று பயந்தார். கணினி கேட்டது, ஓம் என்றார். திரும்பக் கேட்டது, திரும்பவும் ஓம் என்றார். தன் கையாலேயே றோஸை இரண்டாம் தரம் புதைக்கிற மாதிரி இருந்தது.

"எல்லாத்துக்கும் குடுத்தாச்சே?"

"குடுத்தாச்சு."

"சரி, நிப்பாட்டித் திரும்பப் போடுங்கோ. எனக்கு வேலைக்கு நேரமாகுது."

போட்டார். அதே கறுப்பு, அதே கோடு. பெட்டியும் எழும்பவில்லை, றோஸும் இல்லை. தேத்தண்ணி ஆடை கட்டிக் கிடந்தது. மனுசன் நொறுங்கிப்போனார்.

மறுநாள் கெல்வின் போன் எடுத்து, திரும்ப இரண்டு வரி அடிக்கச் சொன்னான்.

"ஒரு பைலும் அழியேல்லையே. நேற்று என்னப்பா அடிச்சனீங்கள்?"

"நீ சொன்னதுதான். ஓம்."

"எந்த எழுத்தாலை?"

"ஓ, எம்."

கெல்வின் விழுந்து விழுந்து சிரித்தான். "அதுக்கு எங்கடை ஓம் விளங்காது. 'யெஸ்' எண்டதின்ரை முதல் எழுத்து, வை எண்டு குடுக்கவேணும். வேறை எது குடுத்தாலும் இல்லையெண்டுதான் எடுக்கும்."

மாஸ்ரர் கதிரையில் இருந்துவிட்டார். அழுகை வந்தது. அடக்க முயலவில்லை.

"அப்பா? ஏன் அழுறியள்? உதுக்குள்ள என்ன கிடக்கு?"

"அம்மா."

கெல்வின் மெல்லச் சொன்னான். "அதிலை கிடக்கிற என்ரை கலியாண வீடியோவை அழியுங்கோ. பெரிய பைல். என்னட்டை இன்னொண்டு இருக்கு."

கணினி கேட்டது. இந்தமுறை வை என்று கொடுத்தார். நிறுத்தித் திரும்பப் போட்டதும் படமும் பெட்டிகளுமாகத் திரை விரிந்தது.

"எழும்பிட்டுது. நீ வேலைக்கு வெளிக்கிடு, மோனை."

"வேலை கிடக்கட்டும். அம்மாவைப் போடுங்கோ. போனைக் கிட்டப் பிடியுங்கோ."

போட்டார். போனைக் கணினிக்குக் கிட்டக் கொண்டுபோனார். கை நடுங்கியது.

"இஞ்சேருங்கோ," என்றாள் றோஸ், "கையை ஆட்டாதேங்கோ எண்டெல்லே சொன்னனான்."

மாஸ்ரர் மற்றக் கையாலும் போனைப் பிடித்துக்கொண்டார்.