பனிக்கட்டிக்கு ஒரு வெள்ளைத் துணி

பனியன் தைக்கும் ஊரில் வந்து பனிக்குத் துணி கேட்டால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? எங்கள் ஓனர் திருமூர்த்தி விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அந்த மின்னஞ்சலை என்னை மறுபடியும் படிக்கச் சொன்னார்.

அனுப்பியது வடதுருவக் கடலை ஆராயும் ஒரு குழு. அங்கே கடல்மேல் மிதக்கும் பனி குறைந்துகொண்டே வருகிறது. வெள்ளைப் பனி வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். பனி போய்விட்டால் கருத்த கடல் அத்தனை வெயிலையும் வாங்கிக்கொண்டு இன்னும் சூடாகும். மெலிந்த பனிமேல் வெள்ளைத் துணி விரித்தால் அது கரையாமல் தாங்குமா என்று முதலில் ஓர் ஏரியில் சோதிக்கப் போகிறார்களாம். சாம்பிள் பிடித்தால் ஆர்டர் எங்களுக்கு.

வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் உதவி மெர்ச்சண்டைசர் தரணியாகிய நான் தனியாகப் பிடித்த முதல் பையர் இவர்கள். ஆர்டர் உறுதியானால் என்னை முழு மெர்ச்சண்டைசர் ஆக்குவதாக ஓனர் சொல்லியிருந்தார்.

இருப்பதிலேயே வெளுத்த பருத்தித் துணியை எடுத்தேன். கண் கூசியது. பேசாமல் கூரியரில் போட்டிருக்கலாம். ஆனால் பனிமேல் இது எப்படித்தான் இருக்கும் என்று ஒரு குறுகுறுப்பு. ஐஸ் பேக்டரியில் ஒரு கட்டி வாங்கி, மொட்டை மாடியில் கறுப்புத் தார்ப்பாய்மேல் வைத்துத் துணியை விரித்தேன். டீ நேரம் என்பதால் பாதிக் கம்பெனி மேலே வந்துவிட்டது.

"ஏம்மா, ஐஸுக்கு என்ன சைஸு? மீடியமா, லார்ஜா?" என்றார் கட்டிங் மாஸ்டர் முனீஸ்.

சிரித்துக்கொண்டிருக்கும்போதே துணியில் ஈரம் ஏறியது. ஐஸோடு ஒட்டிக்கொண்டது. துணி வழியாக ஐஸும், அதன் வழியாகத் தார்ப்பாயின் கறுப்பும் தெரிந்தன. வெள்ளை எங்கே போயிற்று? வேர்வையை நன்றாக உறிஞ்சும் என்று சொல்லித்தானே இத்தனை வருடம் விற்கிறோம். துணி அதன் வேலையைச் செய்திருக்கிறது! மேலே வந்திருந்த ஓனரிடம், இதை அனுப்ப முடியாது என்றேன்.

"சாம்பிளக் காஞ்ச துணியாத்தான அனுப்பறோம் கண்ணு? அவிய லேப்ல பாஸ் ஆயிரும்" என்றார் ஓனர்.

"ஏரியில தோத்துருமுங்க. அவங்களுக்கு ஒரு வருசம் வீணாப் போயிருமுங்க. அங்க பனி அதுவரைக்கும் காத்துட்டு இருக்காதுங்களே."

"உன்ற ஆர்டரு, உன்ற இஷ்டம்." முகம் சிவக்க இறங்கிப் போய்விட்டார்.

எனக்கும் ஆத்திரத்தில் அழுகை வந்தது. ஆனாலும் ஈரத் துணியைப் படமெடுத்து, பருத்தி சரிப்படாது என்று எழுதி அனுப்பிவிட்டேன். பதவி உயர்வுக்கும் சேர்த்து ஒரு முழுக்குப் போட்டாயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் ஓனரின் கார் வாசலில் நின்றது. கதவைத் திறந்ததும் தண்ணீர் கொட்டியது. பின் சீட்டில் சாக்கு சுற்றிய ஐஸ் கட்டி, பக்கத்தில் எங்கிருந்தோ வாங்கிய, பளபளவென்ற பாலியஸ்டர் துணி. புது சீட் நாசம்.

"இது தண்ணி குடிக்காதுன்னு கடைக்காரன் சொல்றான். நெசமான்னு பாக்கோணுமில்ல?" என்றவர், நான் அசையாமல் நிற்பதைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "மெர்ச்சண்டைசர் அம்மிணி, சீக்கிரம் வாங்க. ஐஸ் கரையுது."