நாளும் ஒரு நயம்

தண்ணீருக்குள் போகும்போது துணி மஞ்சளாகத்தான் இருந்தது, மேடையில் சாருமதியின் விரல்கள் அதைச் சோப்பு நுரையில் ஒருமுறை அமிழ்த்தி எடுத்தன, இரண்டாவது முறை அமிழ்த்தும்போது விரலிடுக்கில் சிவப்பு கசிந்தது, பிறகு துணி முழுக்கச் சிவப்பு, கண்ணாடித் தொட்டி முழுக்கச் சிவப்பு, அவள் கட்டியிருந்த அதே மஞ்சள் புடவையில் நுரை தெறித்த இடமெல்லாம் ரத்தப் பொட்டுகள், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் இன்பவல்லி மடியில் கைகளைக் கோத்துக்கொள்கிறாள், பார்த்துக்கொண்டே இருக்கிறாள், இந்தக் காட்சியை எத்தனை நாளாக மனதுக்குள் பார்த்தாயிற்று, பஸ்ஸில், பள்ளிக்கூடத்தில், குழம்பு கொதிக்கும்போது, கண் அயர்ந்தால் கனவிலும், அதனால் இப்போது நடப்பது நடக்கிறதா அல்லது இதுவும் நினைப்புதானா என்று ஒரு கணம் அவளுக்கே பிடிபடவில்லை.

சாருமதி அவளுடைய அண்ணன் மனைவி. புருஷன் வேறொருத்தியோடு போனபின் இன்பவல்லி முத்தியால்பேட்டையில் அண்ணன் வீட்டு மாடியறைக்கு வந்து சேர்ந்தாள், ஒரு தையல் மிஷின், ஒரு தகரப் பெட்டி, பெண்கள் பள்ளியில் கைவேலை டீச்சர் உத்தியோகம், அவ்வளவுதான் அவள் கொண்டுவந்தது, ஆனால் கண்ணையும் கொண்டுவந்திருந்தாள், பஸ் ஜன்னல் கம்பியில் நீலப் பெயின்ட் உரிந்து துருத் தெரிந்தால் அது மறுநாள் நீல ரவிக்கைக்குத் துரு நிறக் கைப்பட்டியாகிவிடும், தாமரைத் தண்டை நறுக்கும்போது தெரிகிற ஓட்டைகள் தலையணை உறையில் பூவேலையாக வந்து உட்காரும், ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகக் கிளம்பி பிச்சாவரம், தரங்கம்பாடி என்று போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவாள், வந்த வாரமே கூடத்து விளக்குக்கு மீன்கூடையைக் கவிழ்த்து மாட்டுவாள், வெயில் அதன் வழியாகத் தரையில் விழுவதைப் பார்த்து அண்ணன் ஞானசேகரன்கூட, நம்ம வீடா இது என்று ஒருநாள் நின்றான்.

அந்த மீன்கூடைதான் முதல் படம். சாருமதி அதைப் போனில் எடுத்து, நாளும் ஒரு நயம் என்று இணையத்தில் ஒரு பக்கம் ஆரம்பித்துப் போட்டாள், கீழே, இன்று காலை எனக்குத் தோன்றியது என்று ஒரு வரி, இன்பவல்லி அதைப் படித்துச் சிரித்தாள், அன்றைக்குச் சிரிக்கத்தான் முடிந்தது, அண்ணிக்கு ஆசை, போட்டுவிட்டுப் போகட்டும். பிறகு வாழைப்பூ அடை, கிடாரங்காய்த் தொக்கு, பழைய பட்டுக்கரையில் தைத்த பை, போகாத தரங்கம்பாடிக்குப் போய்வந்த கதை, அதில் இன்பவல்லி சாப்பாட்டு மேஜையில் சொன்ன வார்த்தைகள், கடல் அங்கே கோட்டையிடம் ஏதோ கேட்டுக்கொண்டே இருக்கிறது என்று அவள் சொன்னது அப்படியே, ஆயிரம் பேர் படித்தார்கள், பிறகு பத்தாயிரம் பேர், பிறகு கடைத்தெருவில் முன்பின் தெரியாத பெண்கள் சாருமதியின் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களால்தான் எங்க வீடே மாறிப்போச்சு என்றார்கள், பக்கத்தில் காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு இன்பவல்லி நின்றாள், இவங்க யாரு என்று கேட்டவர்களுக்கு, என் நாத்தனார், எனக்கு ஒத்தாசையா இருக்கா என்று பதில் வந்தது. அண்ணனிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அவன் செய்தித்தாளை மடிக்காமலேயே, அவ பேரு இருந்தா என்ன, உன் பேரு இருந்தா என்ன இன்பா, ஒரே வீடுதானே என்றான், அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள், பொறுத்துக்கொண்டேதான் இருந்தாள், அந்தப் போர்வை வரைக்கும். வயிற்றில் எட்டு மாதம் இருக்கும்போது தைத்தது அது, கல்யாணப் புடவையின் முந்தி, அவளுடைய பள்ளிக்கூடப் பாவாடை, அம்மாவின் சுங்குடி, எல்லாவற்றிலும் சதுரம் சதுரமாக வெட்டி, உள்ளே மெத்தென்று பழைய வேட்டியை மடித்து வைத்து, ஒவ்வொரு சதுரத்தின் நடுவிலும் ஒரு மீன், வாத்து, தும்பி, குழந்தை பிறந்து இரண்டு நாள் இருந்தது, அந்த இரண்டு நாளும் அதில்தான் கிடந்தது, அதற்குப் பிறகு தகரப் பெட்டியின் அடியில் வேப்பிலைக்கும் செய்தித்தாளுக்கும் நடுவே வைத்துப் பூட்டாமல் மூடினாள், பூட்ட வேண்டும் என்று தோன்றவே இல்லை, அந்த வீட்டில் யார் எடுக்கப் போகிறார்கள். ஒருநாள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் அறையில் கூட வேலைசெய்யும் தமிழம்மா போனை நீட்டி, உங்க அண்ணிக்கு என்ன கைத்திறமைம்மா என்றாள், பார்த்தால் அந்தப் போர்வை, முற்றத்துக் கொடியில், வெயிலில், மீனும் வாத்தும் தும்பியும், கீழே, என் பிள்ளைகள் வயிற்றில் இருந்தபோது நான் தைத்தது.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தாள், வேப்பிலைச் சருகு மட்டும் இருந்தது. சாருமதி முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, கண்காட்சிக்கு அனுப்பியிருக்கிறேன், வந்துவிடும் என்றாள், வாரக்கணக்கில் வரவில்லை, பிறகு சென்னையிலிருந்து பேட்டியெடுக்க வந்துபோன ஒரு அம்மாளின் இணையப் பக்கத்தில் இன்பவல்லியே பார்த்தாள், அந்த அம்மாள் சோபாவில் அதைப் போட்டு உட்கார்ந்திருந்தார், சாருமதி அன்போடு கொடுத்தது என்று எழுதியிருந்தார். அன்று இன்பவல்லி அழவில்லை, யாரிடமும் கேட்கவும் இல்லை, கீழே இறங்கிப் போய் எல்லோருக்கும் தோசை வார்த்தாள், மெல்லிசாக, முறுகலாக, சாருமதி தட்டிலிருந்த தோசையைப் படம் எடுத்தாள், கல்லின் சூடு முகத்தில் அடிக்க அடிக்க இன்பவல்லிக்குள் ஏதோ ஒன்று பொறுமையாகப் பதம் பார்த்துக்கொண்டு நின்றது.

பதம் வந்தது சித்திரையில். பெண்கள் மன்றத்து ஆண்டு விழாவில் சாருமதி மேடையேறிப் பேச வேண்டும், கையோடு ஏதாவது செய்துகாட்ட வேண்டும், இன்பா, புதுசா ஒண்ணு சொல்லேன் என்று மாடியறை வாசலில் வந்து நின்றாள், இன்பவல்லி இருக்கும்போது முதன்முறையாக மேலே ஏறி வந்திருந்தாள். இன்பவல்லி கொடியில் காய்ந்துகொண்டிருந்த பருத்தித் துணியைக் காட்டினாள், படிகாரத்தில் ஊறவைத்து மஞ்சளில் தோய்த்தது, வெயிலையே பிழிந்து ஊற்றியதுபோல இருந்தது, சாருமதி அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். எனக்கு ஒரு புடவையும் இதுல தோய்ச்சுக் குடுத்துடு, துவைச்சா சாயம் போகுமா, என்று கேட்டாள். தண்ணியில போகாது அண்ணி என்றாள் இன்பவல்லி. அது பொய் இல்லை. மிச்சத்தைச் சாருமதி தானே சேர்த்துக்கொள்வாள், எப்போதும் சேர்த்துக்கொள்வாள், தான் தொடாத வேலைக்குத்தான் அவள் வாயில் அவ்வளவு உறுதி வரும், அதையும் இன்பவல்லி அறிவாள். வாழ்க்கையில் ஒரே ஒருமுறை தன் கையால் ஆரத்திக்கு ஆலம் கரைத்தவளுக்குக்கூடத் தெரியும், மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று, சுண்ணாம்பு செய்வதைச் சோப்பும் செய்யும் என்று யோசிக்கத் தோன்றும், ஆனால் இந்த வீட்டில் பிள்ளைகளுக்குச் சுற்றிப்போட்ட ஆலம் எல்லாம் இன்பவல்லி கரைத்து நீட்டிய தட்டுகள், சாருமதி சுற்றியது மட்டும்தான். விழாவன்று காலை கிளம்பும்போது இன்பவல்லி பைக்குள் ஒரு எலுமிச்சம்பழத்தையும் போட்டுக்கொண்டாள், சாறு பட்டால் சிவப்பு மறுபடி மஞ்சளாகும், வேண்டுமென்றால் காப்பாற்றலாம், வேண்டாமென்றாலும் அது பையிலேயே இருக்கட்டும்.

சிவப்பு இப்போது தொட்டியின் விளிம்பில் தளும்புகிறது. எத்தனை சோப்புப் போட்டாலும் இந்த நிறம் மாறாது, என் கையால் நூறு முறை துவைத்துப் பார்த்திருக்கிறேன் என்று சாருமதி சொல்லி முடித்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. முன்வரிசையில் ஒரு வயதான பெண் பக்கத்திலிருப்பவளிடம் சொன்னது மண்டபம் முழுக்கக் கேட்கிறது, இது ஆலம்டி, கரைச்சு வச்சிருக்கா. யாரோ களுக்கென்று சிரிக்க, அது வரிசை வரிசையாகப் பரவுகிறது, அத்தனை பேரும் ஆலம் கரைத்த பெண்கள். சாருமதி சிவந்த கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் புடவையில் துடைக்கிறாள், அங்கும் சிவக்கிறது, கண்கள் வரிசைகளில் தேடி வந்து நிற்கின்றன, மைக்கில், இன்பா, இங்க கொஞ்சம் வாயேன் என்கிறாள். இன்பவல்லி உடனே எழவில்லை. நிற்கட்டும், நான் காய்கறிப் பையோடு நின்றதில் பாதியாவது நிற்கட்டும், சிரிப்பு அடங்கும்வரை இருந்து, பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடைப் படியேறினாள், எலுமிச்சம்பழம் இடுப்பில் இடித்தது, அதை எடுக்கவில்லை, மைக்கை வாங்கினாள்.

அண்ணி, அந்தப் போர்வை எங்க.

எந்தப் போர்வை என்றாள் சாருமதி.

என் குழந்தை கிடந்த போர்வை.

சாருமதி மைக் பக்கத்தில் இருப்பதையே மறந்து, வீட்டில் பேசுகிற குரலில், இதப் போய் இங்க கேக்குறியே இன்பா, பெட்டியில சும்மாதானே கிடந்துச்சு, கேட்டாங்க, குடுத்துட்டேன் என்றாள். சொன்ன பிறகுதான் அது எல்லோருக்கும் கேட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. இன்பவல்லி மைக்கை மேஜையில் வைத்துவிட்டு இறங்கி நடந்தாள், முன்வரிசைக் கிழவி கையை நீட்டி அவள் முந்தானையைத் தொட்டாள்.

போர்வை கிடைக்கவில்லை. சென்னை அம்மாள் போனில் ரொம்ப வருத்தப்பட்டார், வீடு மாற்றும்போது எதனோடோ போய்விட்டதாம். அண்ணன் ஒரு வார்த்தை சொன்னான், குடும்ப மானத்தைச் சந்தியில வச்சுட்டே, அதற்கு அவள், என்னுதையும் அங்கதான் வச்சிருந்தீங்கண்ணா என்றாள், அந்த வாரமே வில்லியனூரில் ஒரு சின்ன வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டாள், தையல் மிஷின், தகரப் பெட்டி, ஜன்னலுக்கு வெளியே ஒரு முருங்கை மரம். நாளும் ஒரு நயம் நின்றுபோயிற்று. தினமும் காலையில் பல் துலக்குவதற்கு முன் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பாள், புதிதாக ஒன்றும் இல்லை என்று உறுதிசெய்துகொள்வாள், பிறகுதான் அவளுக்கு விடியும், இரக்கம் வருமோ என்று ஆரம்பத்தில் பயந்தாள், வரவில்லை, மண்டபத்துச் சிரிப்பை நினைத்துக்கொண்டால் காபி நன்றாக இருந்தது.

கார்த்திகையில் ஒரு காலை, ஒரு படம் வந்திருந்தது. எவர்சில்வர் தட்டு, குழைந்துபோன ரசம் சாதம், ஓரத்தில் கருகிய அப்பளம் ஒன்று, தட்டுக்குக் குறுக்கே ஜன்னல் கம்பிகளின் நிழல் கோடு கோடாக விழுந்து சாதத்தில் மட்டும் உடைந்து நெளிந்திருந்தது, கீழே ஒரு வரியும் எழுதவில்லை. இன்பவல்லி படத்தைப் பெரிதாக்கி மூலை மூலையாகத் தேடினாள், தன் தையல், தன் கைப்பக்குவம், தான் மாட்டியது, தான் சொன்னது ஏதாவது, எதுவும் இல்லை, அந்தச் சாதத்தைச் சாருமதியேதான் குழையவிட்டிருக்க வேண்டும், அந்த நிழலைச் சாருமதியேதான் பார்த்திருக்க வேண்டும். பதினோரு பேர் இதயம் போட்டிருந்தார்கள். அவளுடைய கட்டைவிரல் அதன்மேல் வந்து நின்றது, நின்றுகொண்டே இருந்தது. நல்லாத்தான் இருக்கு அண்ணி என்று வாய்க்குள் சொன்னாள், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.