முகமூடிக்குப் பெயர் இல்லை

ராலிட்சாவின் பையில் கைபேசி மறுபடி துடித்தது. பத்திரிகை அலுவலகத்திலிருந்து ஜிவ்கா.

"எங்கடி இருக்க?"

"படம் அனுப்பிட்டேனே அக்கா. பாக்கலையா?"

"பாத்தேன். கொம்பு, பல்லு, ஆட்டுத்தோலு. போன வருஷமும் இதையேதான் போட்டோம். உள்ள இருக்கறவன் முகம் வேணும் எனக்கு. இல்லன்னா முதல் பக்கத்துல நேத்து ஜெயிச்ச மல்யுத்தக்காரன்தான்."

முதல் பக்கத்தில் ஒரு படம் வந்தால் வேலையை நிரந்தரமாக்குவதாகச் சொன்னவள் ஜிவ்கா. ராலிட்சா ஈர மண்ணில் ஓடினாள். குக்கேர் எனப்படும் முகமூடி ஆட்டக்காரர்கள் அடுத்த தெருவுக்குப் போயிருந்தார்கள். இடுப்பில் கட்டிய செம்பு மணிகளின் சத்தத்தில் ஊர் நாய்களெல்லாம் கட்டிலுக்கடியில் பதுங்கியிருக்க வேண்டும், ஒன்றும் குரைக்கவில்லை. ஒவ்வொரு வீட்டு முற்றத்திலும் குதித்து, குளிர்காலத்தை விரட்டி, முட்டையும் ஒயினும் வாங்கிக்கொண்டு நகர்ந்தது கூட்டம்.

காலையில் பக்கத்து வீட்டு வெலிக்கோவுக்கு அவர் மனைவி மணி கட்டும்போது ராலிட்சா படம் எடுத்திருந்தாள். அப்போது அவர் சொன்னார்:

"என்னை எங்க வேணா எடுத்துக்கோ. ஸ்தாமென் வீட்டுல மட்டும் வேணாம்."

"உங்க அண்ணன் வீட்டுக்கா போறீங்க?"

"நான் எங்க போறேன்? முகமூடி போகுது."

அப்பாவின் திராட்சைத் தோட்டத்தை ஸ்தாமென் சொல்லாமல் விற்ற நாளிலிருந்து அண்ணன் வாசலை வெலிக்கோ மிதித்ததில்லை. வருஷத்தில் இந்த ஒரு நாள் தோலைப் போர்த்திக்கொண்டு போய் ஆடிவிட்டு வருவார். யார் என்று ஸ்தாமெனுக்குத் தெரியாது. முகமூடி போட்டவனை இருட்டும் வரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் இந்த ஊரில் அது தெரியும்.

ஸ்தாமெனின் முற்றத்தில் ஆட்டம் முடிந்து கூட்டம் கிளம்பிக்கொண்டிருந்தபோது ராலிட்சா போய்ச் சேர்ந்தாள். கடைசியாக வந்த குக்கேர் கேட்டருகே நின்று, வியர்வை துடைக்க முகமூடியைத் தாடைக்கு மேல் லேசாகத் தூக்கினார். காலையில் பார்த்த அதே நரைத்த தாடி தெரிந்தது. வெளிச்சம் சரியாக விழுந்தது. ஆனால் முகம் சுவர்ப் பக்கம் இருந்தது. கல்யாண வீடுகளில் படமெடுக்கும்போது கத்திப் பழகிய வாய் அவளை முந்திக்கொண்டது.

"வெலிக்கோ மாமா! இங்க பாருங்க!"

மணிகள் நின்றன. முகமூடி சட்டென்று கீழே இறங்கியது.

ஒயின் குடுவையோடு நின்றிருந்த ஸ்தாமென் திரும்பினார். "யாரைக் கூப்பிட்ட?"

"யாரையும் இல்ல. எங்க ஆபீஸ்ல ஒருத்தர்..."

"பொய் சொல்லாத. உனக்கு வரல."

தெருவிலிருந்து ஒருவன் கத்தினான். "ஸ்தாமென் மாமா, விடுங்க! குக்கேருக்கு ஏது பேரு? நாங்க போணும்!"

"நீங்க போங்கடா. இவன் நிக்கட்டும்."

கூட்டம் தயங்கி நகர்ந்தது. போன முற்றத்துக்குத் திரும்பி வரக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். வெலிக்கோ போகவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை. தோலுக்குள் மூச்சு இரைத்தது.

ராலிட்சாவின் கைபேசி துடித்தது. அவள் கை தானாகக் கேமராவை உயர்த்தியது. ஸ்தாமென் அவளைப் பார்க்காமலே சொன்னார், "அதக் கீழ போடு, பொண்ணே." கீழே இறக்கினாள்.

"ஆடு," என்றார் ஸ்தாமென்.

முகமூடி அசையவில்லை.

"இவ்வளவு நேரம் நான் மத்தவனுங்களப் பாத்துட்டு இருந்தேன். உன்னைப் பாக்கல. மறுபடி ஆடு."

வெலிக்கோ கேட்டைத் தாண்டி உள்ளே வந்தார். தனியாக ஆடினார். கூட்டத்தில் இடிபோல் கேட்ட மணிகள் இப்போது ஒவ்வொன்றாகக் கேட்டன. அறுபதைத் தாண்டிய முழங்கால். குதிப்பு தாழ்ந்துகொண்டே போனது. ஒரு தடவை சேற்றில் கால் சறுக்கியது. பிடிக்க நீண்ட ஸ்தாமெனின் கை பாதியில் நின்று, குடுவையை மறுபடி இறுக்கிக்கொண்டது.

இனி அங்கே நிற்பது தப்பு என்று ராலிட்சாவுக்குத் தோன்றியது. சத்தமில்லாமல் தெருவுக்கு வந்தாள். தான் கெடுத்தது எது, கெடாமல் மிஞ்சியது எது என்று புரியாமல் வேகமாக நடந்தாள். மறுபடி துடித்த கைபேசியை எடுத்தாள்.

"முகம் கிடைச்சுதா?" என்றாள் ஜிவ்கா.

"இல்லக்கா. மல்யுத்தக்காரனையே போடுங்க."

ஜிவ்கா திட்டத் தொடங்கியபோது பின்னால் ஸ்தாமெனின் முற்றத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. இடுப்பில் மணிக்கச்சையோடு யாராலும் உட்கார முடியாது. அதை அவிழ்த்து மொத்தமாகத் தரையில் போடுகிற சத்தம்.