குதிரை நேரத்துக் கேள்வி

கடிகாரத்தையே நினைக்காமல் ஒரு நாள் முழுக்க இருக்க உங்களால் முடியுமா? முடியும் என்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர். லான்சோ நகரத்தில், மஞ்சள் ஆற்றுப் பாலத்துக்குக் கீழே உட்கார்ந்து ஒன்பது வீட்டுக் கட்டம் போட்டுக் குறி சொல்லும் ஷென் தெலூவால் அது முடியாது. கடிகாரத்தைப் பிடுங்கி ஆற்றில் போட்டாலும் முடியாது. காலையில் கண் விழித்ததுமே அன்றைய பன்னிரண்டு நேரங்களும், எலி நேரத்தில் ஆரம்பித்துப் பன்றி நேரம் வரைக்கும், இரண்டிரண்டு மணியாக அவர் தலைக்குள் வந்து வரிசையில் நின்றுவிடும். எந்த நேரத்தில் கேட்டால் எந்தக் கட்டம் விழும், அது என்ன சொல்லும் என்பதெல்லாம் முப்பத்திரண்டு வருடத்தில் மனப்பாடம் ஆகிவிட்டது. பல் தேய்த்து முடிப்பதற்குள் நாளே முடிந்துபோனது மாதிரி ஓர் அலுப்பு வந்துவிடும்.

தொழிலின் விதி சின்னதுதான். கேள்வி எப்போது பிறக்கிறதோ அப்போதுதான் கட்டம் போட வேண்டும். நேரம் பார்த்து வந்து கேட்கக் கூடாது. உள்ளுக்குள் புழுங்கி, அடக்க முடியாமல் வாய்விட்டு வர வேண்டும். வந்த நிமிடத்தைச் சீட்டில் குறிக்க வேண்டும். ஒரு விஷயத்துக்கு ஒரு தடவைதான். பதில் பிடிக்கவில்லை என்று மறுபடி கேட்டால் கட்டம் பேசாது.

ஊராருக்கு இதில் ஒரு சங்கடமும் இல்லை. ஷென்னுக்குத்தான் சங்கடம். அவருக்கென்று ஒரு கேள்வி நாற்பத்தொரு நாளாக நெஞ்சில் கிடந்தது. பெண்டாட்டி ஃபெங்சின் திரும்பி வருவாளா, மாட்டாளா?

கேட்டுவிடலாம் என்று வாயைத் திறப்பார். உடனே தலை சொல்லும்: இது சேவல் நேரம், இன்றைக்குச் சேவல் நேரத்துக் கட்டம் சரியில்லை, இன்னும் அரை மணி பொறுத்தால் நாய் நேரம் வந்துவிடும், அது தேவலை. அப்படிப் பொறுத்துக் கேட்டால் அது கேள்வியா, திருட்டா? திருட்டுத்தான் என்று அவருக்கே தெரியும். அதனால் கேட்காமல் படுத்துவிடுவார்.

ஃபெங்சின் போனதும் நேரத்தால்தான். மார்ச் தொடக்கத்தில் ஒரு நாள் காலை ஏழரை மணிக்கு அவள் பிறந்த ஊரான உவேயிலிருந்து போன் வந்தது. அவளுடைய அம்மாவுக்கு மூச்சு இழுக்கிறது, உடனே வா என்றார்கள். பஸ்ஸில் நாலு மணி நேரம். அவள் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். ஷென் விரலை மடக்கிப் பார்த்தார்.

"இது கிளம்புற நேரமே இல்ல. போனா வழியில தடங்கல். ரெண்டு மணிக்கு மேல கிளம்பு, நிம்மதியாப் போய்ச் சேருவ," என்றார்.

கல்யாணமானதிலிருந்து அவர் சொன்ன நேரத்தை அவள் தட்டியதில்லை. கோட்டைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டே காலுக்குக் கிளம்பினாள். வழியில் ஒரு தடங்கலும் இல்லை. ஆறரைக்குப் போய்ச் சேர்ந்தாள். அம்மா மூன்று மணிக்கே போய்விட்டிருந்தாள்.

காரியம் முடிந்து வந்ததும் ஃபெங்சின் சண்டை போடவில்லை. துணிகளைப் பையில் அடுக்கினாள். "இப்ப என்ன நேரம்?" என்று கேட்டாள். பாம்பு நேரம், இன்றைக்கு ஆகாது என்று அவர் பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டார். "நல்லதாப் போச்சு," என்று பையைத் தூக்கிக்கொண்டாள். வாசலில் நின்று, "உங்களுக்கு நல்ல நேரம் வரும்போது சொல்லியனுப்புங்க," என்று சொல்லிவிட்டு சினிங்கில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். ரயிலில் ஒன்றேகால் மணி நேரம்தான் சினிங். அவர் போகவும் இல்லை, போன் போடவும் இல்லை.

பாலத்தடியில் அவருக்கு இடப்பக்கம் ஹலிமாவின் தள்ளுவண்டி. வெள்ளை முக்காடு போட்ட ஹூய் இன முஸ்லிம் பெண், ஐம்பது வயது இருக்கும். மாவுப்பாளத்தை நூடுல்ஸ் மாதிரி ரிப்பனாக நறுக்கி, காடியும் மிளகாய் எண்ணெயும் ஊற்றிக் கொடுப்பாள். வாய் காடியை விடப் புளிப்பு. நாலு நாளைக்கு முன்னால் ஷென் அவளிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஹலிமா, எனக்கு ஒரு உதவி. உனக்கு எப்பத் தோணுதோ அப்ப எங்கிட்ட ஒரு கேள்வி கேக்கணும். ஃபெங்சின் எப்ப வருவான்னு. எப்பக் கேக்கப்போறேன்னு முன்னாடியே சொல்லிடாத."

"ஏன், உங்க வாய்க்கு என்ன?"

"நான் கேட்டா சுத்தமா இருக்காது. எல்லா நேரமும் எனக்குத் தெரியும்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "அண்ணே, எங்க மார்க்கத்துல குறி கேக்கவே கூடாது. கேட்டா நாப்பது நாள் தொழுகை போச்சு. உங்க பொண்டாட்டிக்காக நான் ஏன் நாப்பது நாளத் தொலைக்கணும்?"

"நீ நம்ப வேணாம். சும்மா கேட்டாப் போதும்."

"நம்பாமக் கேட்டா அது பொய்யும் ஆச்சு. ரெண்டு பாவம். போங்கண்ணே, வெயில் ஏறிடுச்சு, ஆள் வர நேரம்."

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வலப்பக்கம் காங். அவரும் குறி சொல்பவர்தான், ஷென் வயதுதான். ஆனால் கட்டத்தைக் கையால் போடுவதில்லை, போனில் ஒரு தட்டு தட்டினால் அது போட்டுத் தரும். இருவருக்கும் பதினெட்டு வருடமாக ஒரே சண்டை. நாடு முழுக்க ஓடுவது தலைநகரத்துக் கடிகாரம். ஆனால் லான்சோ மேற்கே தள்ளி இருக்கிறது. இங்கே சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் ஒரு மணி ஐந்து நிமிடம் காட்டும். ஷென் சூரியனைத்தான் நம்புவார். பாலத்தின் கைப்பிடிக் கம்பி நிழல் விழும் தரையில் சுண்ணாம்பால் கோடுகள் போட்டு வைத்திருந்தார். காங்குக்குக் கடிகாரம் போதும்.

அந்த நாற்பத்தொன்றாவது நாள் ஏப்ரல் நடு. பாலைவனப் பக்கமிருந்து காற்று மண்ணை வாரிக்கொண்டு வந்தது. மூடி போட்ட தேநீர்க் கிண்ணத்துக்குள்ளும், அதில் ஊறப்போட்ட பேரீச்சம்பழத்தோடு மண் மிதந்தது. காலையிலேயே ஷென்னுக்குத் தெரியும், இன்றைக்குக் குதிரை நேரம், அதாவது பதினொன்றிலிருந்து ஒன்று வரை, மோசம். நட்சத்திரம் ஒன்றுகூட நகராமல் எல்லாம் தன் தன் வீட்டிலேயே படுத்துக் கிடக்கும் கட்டம். வெளியூர் போனவர் வரமாட்டார், இருப்பவரும் அசையக் கூடாது என்று அதற்குப் பொருள். பத்து நேரத்துக்கு ஒரு தடவை வந்தே தீரும். அந்த நேரத்தில் யார் வந்து கேட்டாலும் அவருக்குச் சொல்லவே சோர்வாக இருக்கும்.

மதியம் ஒரு லாரிக்காரர் வந்தார். போன வாரம் கேட்ட அதே கேள்வி, கூட்டாளியோடு சேரலாமா என்று.

"போன வாரமே சொல்லிட்டேனே."

"அது சரிங்க, இன்னைக்கு ஒரு தடவை பாத்துடுங்களேன். நேத்து என் மச்சான்..."

"ஒரு தடவைதான். கட்டம் என்ன, காய்கறிக் கடையா, பேரம் பேச?"

லாரிக்காரர் முணுமுணுத்துக்கொண்டே காங்கிடம் போய் உட்கார்ந்தார். காங் போனைத் தட்டினார். லாரிக்காரர் சந்தோஷமாக எழுந்து போனார்.

ஹலிமாவின் வண்டியில் கூட்டம் ஓய்ந்தது. அவள் ஒரு கிண்ணம் நூடுல்ஸைக் கொண்டுவந்து ஷென் முன்னால் வைத்தாள். அவர் ஒரு வாய் எடுத்தார், கிண்ணத்தை நகர்த்திவிட்டார்.

"என்னண்ணே?"

"பசி இல்ல."

"முந்தாநாளும் பசி இல்ல. நேத்தும் பசி இல்ல. சட்டைக் காலரப் பாருங்க, ஆத்து மண்ணு பூரா அதுலதான் இருக்கு. ராத்திரி அடுப்புப் பத்த வைக்கிறீங்களா, இல்ல அதுக்கும் நேரம் பாக்கறீங்களா?" அவள் துடைக்கும் துணியைப் பிழிந்துகொண்டே கத்தினாள். "அட அல்லாவே, அண்ணி எப்பத்தான் வருவாங்க!"

ஷென்னின் கை நின்றது. ஹலிமாவும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் குறி கேக்கல. சும்மா கேட்டேன்."

"அப்படித்தான் கேக்கணும்," என்றார் ஷென்.

கடிகாரம் ஒன்று இருபது காட்டியது. குதிரை நேரம் தாண்டிவிட்டது, ஆடு நேரம். ஆடு நேரத்துக் கட்டம் நல்ல கட்டம். போனவர் திரும்புவார், வழி திறந்திருக்கிறது. ஒரு மூச்சு விடும் நேரத்துக்கு அவருக்கு உடம்பே லேசானது. அப்புறம் தரையைப் பார்த்தார். நிழல் அவர் போட்ட உச்சிவேளைக் கோட்டை இப்போதுதான் தாண்டியிருந்தது. சூரியக் கணக்கில் பன்னிரண்டேகால். குதிரை நேரத்தின் நட்டநடு.

காங் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். போனைத் தூக்கிக் காட்டினார்.

"யோவ் ஷென், ஆடு நேரம்யா! பிரமாதமான கட்டம். பொண்டாட்டி வர்றா. போய்க் கோழி வாங்கு."

"இங்க இன்னும் குதிரைதான்."

"பதினெட்டு வருஷமா இதையே சொல்ற. இன்னைக்கு ஒரு நாள் என் கடிகாரத்துக்கு வந்துடேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். காசும் வாங்க மாட்டேன்."

காங் கிண்டலாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது அதில் கிண்டல் இல்லை. அதுதான் ஷென்னுக்குத் தாங்கவில்லை.

அவர் சீட்டை எடுத்தார். பேனா முனை தாளில் பட்டபடியே கொஞ்ச நேரம் நின்றது. ஆடு என்று எழுதுவது ஒரு நொடி வேலை. கேட்டது வேறு ஆள், நினைத்துக் கேட்டதுமில்லை, இதை விடச் சுத்தமான கேள்வி இனி கிடைக்காது. மறுபடி கேட்கவும் முடியாது. குதிரை என்று எழுதினார். ஒன்பது வீடும் வரைந்து, படுத்துக் கிடக்கும் நட்சத்திரங்களை ஒவ்வொன்றாக அதனதன் வீட்டில் போட்டார். போடாமலே தெரியும், இருந்தாலும் முழுசாகப் போட்டார்.

"என்ன சொல்லுது?" ஹலிமா கேட்டாள். உடனே, "எனக்கு வேணாம், சும்மா கேட்டேன்," என்றாள்.

"வரமாட்டா."

"வராட்டி நீங்க போங்க."

"நானும் அசையக் கூடாதுன்னு இருக்கு."

ஹலிமா துணியை உதறிக் கம்பியில் போட்டாள். "அன்னிக்கு அண்ணியையும் இதச் சொல்லித்தானே உக்கார வச்சீங்க?"

இவளுக்கு எப்படித் தெரியும் என்று ஷென் நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணி வாராவாரம் எங்கிட்ட போன்ல பேசறாங்க. உங்களப் பத்தி ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க. காலர் அழுக்கா இருக்கான்னு மட்டும் கேப்பாங்க."

கோட்டைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஃபெங்சின்தான் ஷென்னின் கண்ணுக்குள் நின்றாள். அன்றைக்கு அவர் பொய் சொல்லவில்லை. கட்டம் அப்படித்தான் இருந்தது. இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது. கட்டத்தின் மேல் அவருக்குக் கோபம் வரவில்லை. சீட்டை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். நூடுல்ஸ் கிண்ணத்தை இழுத்து, மண் கரகரக்க முழுவதையும் சாப்பிட்டார். மூன்று மணிக்கே கடையைக் கட்டினார்.

"என்னய்யா, ஓடற?" என்றார் காங்.

"ஸ்டேஷனுக்கு."

"உன் கட்டம் அசையாதேங்குதே."

"ஆமா, அப்படித்தான் சொல்லுது," என்றார் ஷென்.

டிக்கெட் ஜன்னலில் இருந்த பெண் தலை நிமிராமலே கேட்டாள். "சினிங்குக்கு நாளைக்குக் காலையில எட்டு இருபது இருக்கு, பதினொண்ணு பத்து இருக்கு. எது?"

எட்டு இருபது டிராகன் நேரம். நாளைக்கு அது கிளம்பவே கூடாத நேரம். பதினொன்று பத்து பரவாயில்லை. தலை பதிலைச் சொல்லி முடித்துவிட்டது. பின்னால் நின்ற ஆள் மூட்டையால் இடித்தார்.

"பெரியவரே, சீக்கிரம் சொல்லுங்க. என்ன, நல்ல நேரம் பாக்கறீங்களா?"

"எட்டு இருபது," என்றார் ஷென்.

மறுநாள் காலை அவர் காலரைத் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு எட்டு இருபது ரயிலில் போனார். கடிகாரப்படியும் சூரியன்படியும் அது டிராகன் நேரம்தான். பத்தேகாலுக்கு ஃபெங்சின் கதவைத் திறந்தாள், எப்போது கிளம்பினீர்கள் என்று கேட்டாள், டிராகன் நேரத்தில், இன்றைக்கு ஆகாத நேரம் என்று அவர் சொன்னார்.