ரெண்டு கை கொழுந்து

தேயிலை எஸ்டேட்டில் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளைமடுவத்தைப் பூட்டியபோது லைன் வீட்டுப் பெண்கள் யார் காலிலும் போய் விழவில்லை. அவற்றைப் பார்த்துக்கொள்ள ஆளுக்கொரு நாள் முறை வைத்துக்கொண்டார்கள். முறைக்காரி வீட்டில் இருப்பாள். மற்றவர்கள் ஒவ்வொரு எடைக்கு முன்னாலும் அவள் சாக்கில் ரெண்டு கை கொழுந்து போடுவார்கள். மேஸ்திரி ராஜரத்தினம் அவள் வந்ததாகவே பேர் எழுதிவிடுவார். யாருக்கும் நஷ்டமில்லை.

அப்புறம் முகம் பார்க்கும் மெஷின் வந்து தொலைத்தது. காலையில் அதன் முன்னால் மூஞ்சியைக் காட்டினால்தான் பேர். மேஸ்திரியிடம் கெஞ்சலாம், அவரும் பிள்ளை பெற்றவர். மெஷின் எந்தப் பிள்ளையைப் பெற்றது? வராத நாள் சேர்ந்தால் பேரை வெட்டிவிடுவார்கள். பேர் போனால் எஸ்டேட் கொடுத்த லைன் வீடும் போகும்.

சரிதாவுக்குத் தவழுகிற மகன் ஒருவன் இருந்தான். புருஷன் விஜயன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். அங்கன்வாடியில் கைக்குழந்தையை வாங்க மாட்டார்கள். தேவாலா டவுனில் காசுக்குப் பார்க்கிற இடம் ஒன்று உண்டு. சரிதாவின் சம்பளத்தை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தால் பார்த்துக்கொள்வார்கள். அதற்குத் தேயிலைக் காட்டுக்கே போகாமல் இருக்கலாம்.

மூத்தவள் ஜீவா ஆறாம் வகுப்பு. ஒரு நாள் காலை பள்ளிக்கூட பஸ்ஸுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தவளைச் சரிதா நிறுத்தினாள்.

"ரெண்டு நாளைக்கு தம்பியப் பாத்துக்க ஜீவா. அதுக்குள்ள அம்மா ஏதாச்சும் வழி பண்ணிடுறேன்."

"பரீட்ச வருதும்மா."

"ரெண்டே நாளுதான்."

ஜீவா யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். சரிதா செருப்பை மாட்டிக்கொண்டு மழையில் இறங்கினாள்.

மறுநாள் அவள் கிளம்புவதற்குள் பக்கத்து வீட்டு ராஜப்ரியா தன் குழந்தையோடு வாசலில் நின்றாள். பின்னால் இன்னும் இரண்டு பேர், இடுப்பில் ஆளுக்கொன்று.

"ஜீவாதான் ஊட்டுல இருக்காளே சரிதா. ஒண்ணோட ஒண்ணா இதுவும் கெடந்துட்டுப் போவுது" என்றாள் ராஜப்ரியா. முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

வேண்டாம் என்று சொல்ல சரிதா வாயைத் திறந்தாள். தனக்குக் காய்ச்சல் வந்த வாரமெல்லாம் மகனுக்குப் பாலூட்டியதே ராஜப்ரியாதான். சரிதா நகர்ந்து வழி விட்டாள்.

அன்றைய முதல் எடைக்கு வரிசையில் நின்றபோது ராஜப்ரியா வந்து சரிதாவின் சாக்கில் ரெண்டு கை கொழுந்தைப் போட்டாள். மற்ற இருவரும் போட்டார்கள். வீட்டில் பிள்ளை பார்க்கிறவளின் பங்கு அது. இப்போது பார்க்கிறவளுக்கு எஸ்டேட்டில் பேர் இல்லை. அதனால் வெட்டவும் வழியில்லை. மெஷினால் பிடிக்க முடியாத ஒரே ஆள் ஜீவாதான்.

எடுத்துத் திருப்பிப் போட்டுவிடலாம் என்று சரிதா நினைத்தாள். நினைத்துக்கொண்டே சாக்கைத் தராசில் தூக்கி வைத்தாள்.

சாயங்கால எடை முடிந்ததும் ராஜரத்தினம் குரலை உயர்த்தினார். "இன்னைக்கு நம்ம காட்டுலயே சரிதாதான் ஃபர்ஸ்ட். கத்துக்கங்க!"

ராஜப்ரியா தன் காலிச் சாக்கை உதறி மடித்தாள்.

வீட்டில் நான்கு குழந்தைகள். மூன்று தூங்கிக்கொண்டிருந்தன. ராஜப்ரியாவின் குழந்தை ஜீவாவின் தோளில் கிடந்தது. யூனிஃபார்ம் பாவாடை முழுக்கக் கஞ்சிக் கறை. ஜீவா பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்பாள் என்று சரிதா பதிலைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள்.

ஜீவா கேட்கவில்லை. குழந்தையின் முதுகைத் தட்டியபடியே, "ராஜப்ரியா சித்திக்கிட்ட சொல்லும்மா, நாளைக்கு இதுக்கு மாத்துத்துணி கூட ரெண்டு வச்சு அனுப்பட்டும்" என்றாள்.

"சொல்றேன்" என்றாள் சரிதா.

மறுநாள் காலை கதவுக்குப் பின்னால் தொங்கிய சாக்குகளில் பெரியதாகப் பார்த்து எடுத்துக்கொண்டு அவள் காட்டுக்குப் போனாள்.